மோட்டார் பாலிஸியின் பூர்வோத்தரம்

சொந்தமாகக் கார் வைத்திருப்பவர்களில் அநேகர், இன்ஷூரன்ஸ் பாலிஸியை ஆர்.சி. புத்தகத்தோடு சேர்த்து ரப்பர் வளையம் போட்டு டாஷ்போர்டில் வைத்துவிட்டு, போலீஸ்காரர் கை காட்டி நிறுத்தும்போது மட்டும் எடுத்து நீட்டுகிற வழக்கமுடையவர்கள். ஒரு சாயங்கால வேளையில் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அதை முதல் ஷரத்திலிருந்து கடைசி ஷரத்து வரையில் வாசித்தவர் என்று எவரையும் நான் சந்தித்ததில்லை. நானும் அப்படி வாசிக்கிற உத்தேசமுடையவனாக இருந்ததில்லை. 2015-ஆம் வருஷத்து மழைதான் என்னை வாசிக்க வைத்தது.

அந்த டிசம்பரில் அடையாறு கரை புரண்டு ஊருக்குள் வந்து திரும்பிய பிறகு, கோட்டூர்புரத்தில் என் சித்தப்பாவின் வீட்டு வாசலில் நின்றிருந்த நான்கு வயதுக் கார், ஸீட்டின் மேல்மட்டம் வரையில் சேறு படிந்து, கதவைத் திறந்தால் அழுகிய இலையின் நாற்றம் முகத்தில் அடிக்கும்படியான கோலத்தில் இருந்தது. பத்து நாள் கழித்து சர்வேயர் வந்தார். வயதில் இளையவர், மரியாதை தெரிந்தவர். வண்டியைச் சுற்றிப் படமெடுத்துக்கொண்ட பிறகு, பேச்சுவாக்கில் கேட்பதுபோல ஒரு கேள்வி கேட்டார்.

"சார், தண்ணி வடிஞ்சப்புறம் சாவியைப் போட்டு ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன் தம்பி. ரெண்டு தடவை பார்த்தேன். கடகடன்னு ஒரு சத்தம் வந்துது, அப்புறம் அடங்கிப்போச்சு."

சர்வேயர் தம் காகிதத்தில் ஏதோ ஒரு வரி எழுதிக்கொண்டார். அந்த வரியின் விலை என்னவென்று ஒரு மாதம் கழித்து வந்த கடிதத்தில் தெரிந்தது. ஸீட், தரைவிரிப்பு, ஒயரிங் முதலியவற்றுக்குத் தேய்மானம் கழித்துப் பணம் உண்டு; எஞ்சினுக்கு இல்லை. வெள்ளம் எஞ்சினுக்குள் புகுந்ததே தவிர எஞ்சினை உடைக்கவில்லை என்பதும், ஸிலிண்டரில் தண்ணீர் நிற்கும்போது சாவியைத் திருகியதனால் பிஸ்டன் நீரை நசுக்க மாட்டாமல் கனெக்டிங் ராடு வளைந்ததே நஷ்டத்துக்குக் காரணம் என்பதும், அத்தகைய பின்விளைவு நஷ்டத்தைப் பாலிஸி ஏற்கவில்லை என்பதும் கம்பெனியின் வாதம். "ஃபுல் இன்ஷூரன்ஸ்னுதானேடா ஏஜெண்ட் சொன்னான்?" என்று சித்தப்பா என்னைக் கேட்டார். அன்றிரவு அந்தத் தஸ்தாவேஜை நான் முழுவதும் வாசித்தேன். 'ஃபுல்' என்ற சொல் அதில் ஓரிடத்திலும் இல்லை. வண்டி ரயிலில் போகும்போதும், உள்நாட்டு நீர்வழியில் போகும்போதும், லிஃப்டில் ஏற்றப்படும்போதும், ஆகாய மார்க்கமாகக் கொண்டுபோகப்படும்போதும் நேரிடக்கூடிய நஷ்டத்துக்கெல்லாம் அபயம் அளித்திருந்த அந்தக் காகிதம், வெள்ளம் வடிந்த வாசலில் ஒரு பெரியவர் சாவியைத் திருகுவதற்கு அபயம் அளிக்கவில்லை. இந்த வினோதத்துக்குக் காரணம் தேடிப் போனபோதுதான், மோட்டார் பாலிஸி என்பது ஒரே வாக்குறுதியன்று, வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு வயிற்றில் பிறந்த இரண்டு வாக்குறுதிகளை ஒரே தாளில் சேர்த்துத் தைத்ததே என்பது எனக்குப் புலப்பட்டது.

மூத்தது, உடைமையைப் பற்றிய வாக்குறுதி. மோட்டார் வண்டி பிறந்த காலத்தில் அதற்கு இன்ஷூரன்ஸ் எழுதுவதெப்படி என்று எவருக்கும் தெரியாது. லண்டனில் கப்பல்களுக்கு எழுதிப் பழகிய லாயிட்ஸ் மண்டபத்தார் 1904-இல் தங்கள் முதல் மோட்டார் பாலிஸியை எழுதியபோது, வண்டியைத் தரையில் ஓடும் கப்பலாகப் பாவித்து, கடல் பாலிஸியின் வாசகத்திலேயே எழுதிக் கொடுத்தார்கள் என்பது அவர்களே பெருமையோடு சொல்லிக்கொள்ளும் செய்தி. தரையில் ஓடும் கப்பல் என்பது சிரிப்புக்குரியதாகத் தோன்றினாலும், ஆபத்துகளைத் தீ, திருட்டு, புயல், இடி, வெள்ளம் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அடுக்குவதும், பெயர் சொல்லாததற்குப் பொறுப்பில்லை என்று ஒதுங்குவதும் அந்தப் பழைய கடல் வழக்கத்தின் சாயலே. சென்னையில் எம்.சி. 1 என்ற எண்ணைத் தாங்கிய வண்டி துறைமுகத் தலைவர் சர் பிரான்ஸிஸ் ஸ்பிரிங்குடையது என்பது பிரசித்தம். அந்த நாளில் கார் என்பது கலெக்டர், நீதிபதி, ஜமீன்தார், பெரிய வியாபார ஸ்தாபனத்தின் துரை ஆகியோரின் உடைமையாக இருந்தமையால், பட்டறையில் ஆகும் செலவைப் பற்றிய கவலையே இன்ஷூரன்ஸின் முழுக் கவலையாகவும் இருந்தது. அந்த வண்டியில் அடிபடுகிறவனைப் பற்றி எவரும் அதிகம் நினைக்கவில்லை.

அடிபட்டவனைப் பற்றி நினைத்ததே இரண்டாவது வாக்குறுதியின் ஜனனம். இங்கிலாந்தில் 1920-களில் வண்டிகள் பெருகப் பெருக, வீதியில் கால் ஒடிந்தவன் நியாயஸ்தலத்தில் வெற்றி பெற்றும், வண்டிக்காரனிடம் பணமில்லாமையால் வெறுங்கையோடு திரும்புவது சகஜமாயிற்று. வண்டிக்காரன் இன்ஷூரன்ஸ் செய்திருந்தாலும்கூட, அவன் திவாலாகிவிட்டால் இன்ஷூரன்ஸ் பணம் அவனுடைய மற்றக் கடன்காரர்களுக்குப் பங்காகிப் போய், அடிபட்டவன் வரிசையில் கடைசியில் நின்றான். இதைத் திருத்தும்பொருட்டு 1930-இல் பார்லிமெண்டு ஒரே வருஷத்தில் இரண்டு சட்டங்களைச் செய்தது. ஒன்று, அந்த இன்ஷூரன்ஸ் பணத்தை நேரே அடிபட்டவனுக்கே உரியதாக்கிற்று. மற்றொன்று, இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டியை வீதியில் ஓட்டுவதே குற்றம் என்றது. பாலிஸி எடுத்தவர் முதல் தரப்பு, கம்பெனி இரண்டாம் தரப்பு, இருவருக்கும் அறிமுகமில்லாத வழிப்போக்கன் மூன்றாம் தரப்பு என்ற கணக்கில்தான், இன்று ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் நிற்கும் தரகன் முதல் டூவீலர் மெக்கானிக் வரையில் எல்லோர் வாயிலும் புரளும் 'தேர்ட் பார்ட்டி' என்ற பெயர் வந்தது.

நம் தேசத்தில் 1914-ஆம் வருஷத்து மோட்டார் சட்டம் இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அப்போது வண்டி மோதி இறந்தவனுடைய மனைவி மக்கள், 1855-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்றை ஆதாரமாகக் கொண்டு, கேட்கும் தொகைக்கேற்ற கோர்ட்டுக் கட்டணம் செலுத்தி, சிவில் கோர்ட்டில் வழக்குத் தொடுக்க வேண்டும்; சம்பாதித்தவனை இழந்த குடும்பம் முதலில் பணம் கட்டினால்தான் நியாயம் கேட்கலாம் என்ற இந்த நிலைமையின் கொடுமையை விவரிக்க வேண்டியதில்லை. 1936-37-இல் இதை ஆராய ஒரு கமிட்டி அமர்த்தப்பட்டது. அதன்பின் வந்த 1939-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தில் கட்டாய இன்ஷூரன்ஸுக்கென்றே எட்டாவது அத்தியாயம் சேர்க்கப்பட்டது. ஆனால் அந்த அத்தியாயம், யுத்த காலம் முழுவதும் அச்சிலே உறங்கிக் கிடந்து, 1946-ஆம் வருஷம் ஜூலை முதல் தேதியன்றுதான் அமலுக்கு வந்தது. அதற்குப் பத்து வருஷம் கழித்து, 1956-ஆம் வருஷத்துத் திருத்தத்தினால், விபத்து நஷ்டஈட்டுக்கென்றே தனி டிரிப்யூனல்களை ஏற்படுத்த வழி பிறந்த பிறகே, பெரிய கோர்ட்டுக் கட்டணமில்லாமல் ஏழை விதவை ஒருத்தி மனுக் கொடுக்கக் கூடியதாயிற்று.

அந்தப் பழைய சட்டத்தின் தொகைகளைப் பார்த்தால், அக்காலத்தில் ஒரு பஸ் பிரயாணியின் உயிருக்கு இட்ட மதிப்புத் தெரியும்: பெரிய வண்டியானால் ஆளுக்கு 2,000 ரூபாய், அத்தனை பேருக்கும் சேர்த்து 20,000 ரூபாய்க்கு மேல் இன்ஷூரன்ஸ் கட்டாயமில்லை. சொந்தக் காரினால் மரணமோ காயமோ அடைந்த வழிப்போக்கனுக்கோ எல்லை வகுக்கவில்லை; நியாயஸ்தலம் எவ்வளவு விதிக்கிறதோ அவ்வளவும் என்று விட்டுவிட்டார்கள். அந்த எல்லையின்மை இன்றும் நிற்கிறது. உடைமைச் சேதத்துக்கு மட்டும் எல்லை உண்டு. 1969-இல் 2,000 ரூபாயாக இருந்தது, 1988-ஆம் வருஷத்துச் சட்டத்தில் 6,000 ஆயிற்று, கார் பாலிஸிகளில் இப்போது வழக்கமாக ஏழரை லட்சம் வரையில் எழுதுகிறார்கள்.

இந்த இரண்டு வாக்குறுதிகளுக்கும் நடுவே, இரண்டிலும் இடம் கிடைக்காமல் நெடுநாள் அநாதையாக நின்றவர் ஒருவர் உண்டு. அவர்தான் காரின் உள்ளே உட்கார்ந்திருப்பவர். வண்டிக்காரரின் மனைவி, மாமியார், பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடச் சொல்லி ஏறிக்கொண்ட பக்கத்து வீட்டுக் குழந்தை, ரயிலடி வரையில் வருகிறேன் என்று ஒட்டிக்கொண்ட ஸ்நேகிதர் ஆகிய இவர்கள் வீதியில் போகிறவர்களும் அல்லர், வண்டியின் உதிரிப் பாகங்களும் அல்லர். ஆகவே வழிப்போக்கனுக்காகப் பிறந்த வாக்குறுதியும் இவர்களைத் தன்னுடையவர்களாகக் கருதவில்லை, உடைமைக்காகப் பிறந்த வாக்குறுதியும் கருதவில்லை. கூலி கொடுத்து ஏறும் பிரயாணிக்குத்தான் சட்டம் கட்டாயப் பாதுகாப்பு வகுத்ததேயன்றி, சொந்தக் காரில் சும்மா ஏறி வருகிறவருக்கு அன்று என்று 1977-இல் சுப்ரீம் கோர்ட்டே தீர்மானித்தது. இங்கிலாந்திலும் முதலில் இதே குறைதான் இருந்தது. அவர்கள் 1971-இல் தனிச் சட்டம் செய்து அதைத் திருத்திக்கொண்டார்கள். நாம் சட்டத்தைத் தொடாமல், கட்டண விகிதங்களை வகுத்துவந்த டாரிஃப் கமிட்டியின் சுற்றறிக்கை வழியாக, 'காம்ப்ரிஹென்ஸிவ்' என்று வழங்கிய விரிவான பாலிஸிக்குள் அவர்களை மெதுவாக நுழைத்தோம். சுற்றறிக்கை வழியாக வந்த உரிமைக்குக் கோர்ட்டில் மதிப்பு உண்டா இல்லையா என்று வருஷக்கணக்கில் வழக்காடிய பின், 2009-இல் இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் அதை மீண்டும் உறுதிசெய்ய, 2012-இல் சுப்ரீம் கோர்ட், விரிவான பாலிஸியுள்ள சொந்தக் காரில் இருப்பவருக்கு நஷ்டஈடு தரும் பொறுப்பு கம்பெனிக்கு உண்டு என்று சொல்லிற்று. சட்டம் கட்டாயமாக்கும் குறைந்தபட்சப் பாலிஸியின் விஷயத்திலோ, சும்மா ஏறி வருகிறவருக்கு அதில் இடமில்லை என்ற பழைய நிலைமையையே 2006-ஆம் வருஷத்துத் தீர்ப்பு ஒன்று ஊர்ஜிதம் செய்தது. சட்டசபைகள் செய்திருக்க வேண்டிய காரியத்தைச் சுற்றறிக்கைகளுக்கும் தீர்ப்புகளுக்கும் விட்டதனால் விளைந்த குழப்பம் இது என்பதே என் அபிப்பிராயம்.

வண்டியை ஓட்டும் சொந்தக்காரர் நிலைமையும் இதற்குச் சளைத்ததன்று. தாமே ஓட்டிப் போய்ப் புளியமரத்தில் மோதினால் அவர் யாருக்கு மூன்றாம் தரப்பு? ஆகையால் அவருக்கென்று தனி விபத்துக் காப்பு ஒன்றைப் பாலிஸியில் சேர்த்திருந்தார்கள். கார்க்காரருக்கு அந்தத் தொகை வெகுகாலம் 2 லட்சம் ரூபாயாகவே இருந்தது. இது போதாது என்று சென்னை ஹைகோர்ட் எடுத்துச் சொன்ன பிறகு, 2018-இல் 15 லட்சமாக உயர்ந்தது.

இனி மூத்த வாக்குறுதியின் பிற்காலச் சரித்திரத்துக்கு வருவோம். 1973-ஆம் வருஷம் ஜனவரி முதல் தேதி பொது இன்ஷூரன்ஸ் தேசியமயமானபோது, 107 கம்பெனிகள் நான்காகக் குவிக்கப்பட்டன; அந்த நான்கில் ஒன்றான யுனைடெட் இந்தியாவுக்குத் தலைமையகம் சென்னை. கட்டணமும் வாசகமும் நான்கு கம்பெனிகளிலும் ஒன்றே. ஏஜெண்ட் பழக்கமானவரா, ஆபீஸ் வீட்டுக்குப் பக்கமா என்பதைத் தவிர வண்டிக்காரர் தேர்ந்தெடுக்க வேண்டியது ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் காலத்துப் பாலிஸியில் ஒரு பொல்லாத ஷரத்து இருந்தது. வண்டியின் மதிப்பை வண்டிக்காரரே உத்தேசமாக எழுதுவார். அந்த மதிப்புக்குப் பிரீமியம் வாங்குவார்கள். வண்டி திருட்டுப் போனாலோ, அந்த மதிப்பா அன்றைய சந்தை விலையா, எது குறைவோ அதைக் கொடுப்பார்கள். ஒன்றேகால் லட்சத்துக்குப் பிரீமியம் கட்டியவர் 80,000 ரூபாய்க்குக் கையெழுத்திட நேரும்போது உண்டாகும் மனக்கசப்பைக் கற்பனை செய்துகொள்ளலாம்.

2002-ஆம் வருஷம் ஜூலையில் வந்த புது டாரிஃப் இந்தச் சச்சரவுக்கு முடிவு கட்டிற்று. இப்போது எல்லோரும் ஐ.டி.வி. என்று சுருக்கமாகச் சொல்லுகிற மதிப்பு அன்று பிறந்ததே. புது வண்டியின் விலையிலிருந்து, ஆறு மாதத்துக்குள்ளானால் நூற்றுக்கு 5, ஒரு வருஷத்துக்குள் 15, இரண்டு வருஷத்துக்குள் 20, பிறகு வருஷந்தோறும் பத்துப் பத்தாக ஏறி ஐந்தாம் வருஷத்தில் 50 என்று கழித்து முன்கூட்டியே நிர்ணயித்த தொகை அது. வண்டி அடியோடு போனாலும், பழுது பார்க்கும் செலவு அந்தத் தொகையில் முக்கால் பங்கைத் தாண்டினாலும், பேரமின்றிக் கொடுபடுவது. இதை அறியாதவர்கள், பிரீமியத்தில் சில நூறு ரூபாய் குறைகிறதே என்று ஐ.டி.வி.யைக் குறைத்து எழுத இசைந்துவிட்டு, வண்டி காணாமற் போன நாளில் அந்தச் சில நூறுகளின் நிஜ விலையை அறிகிறார்கள்.

வண்டி அடியோடு போகாமல், பம்பரும் விளக்கும் மட்டும் போய், டிங்கரிங், பெயிண்டிங் என்று பட்டறைக்குப் போகும்போதுதான் மற்றொரு தேய்மானக் கணக்கு குறுக்கே வருகிறது. ரப்பர், பிளாஸ்டிக், டயர், பாட்டரி எல்லாம் பாதி விலை, ஃபைபர் கிளாஸுக்கு நூற்றுக்கு 30 கழிவு, கண்ணாடிக்குக் கழிவில்லை, இரும்புத் தகட்டுக்கு வண்டியின் வயதுக்குத் தக்கபடி. இந்த விதி வகுத்தவர்கள் மனத்தில் இருந்தது அம்பாஸடரின் கெட்டித் தகடு போலும். இன்றைய காரின் முகப்போ முக்காலும் பிளாஸ்டிக். பழைய அட்டவணை புதிய வண்டியின் மேல் ஏறி உட்கார்ந்ததன் பலனாக, பில்லில் ஒரு பெரும் பகுதி வண்டிக்காரர் தலையிலேயே விடிந்தது. 2007 ஜனவரி முதல் சொந்த வண்டிச் சேதத்துக்கான கட்டணக் கட்டுப்பாடு நீங்கி, கம்பெனிகள் போட்டி போடத் தொடங்கிய பிறகு, இந்தக் குறையையே ஒரு சரக்காக்கி, தேய்மானம் கழிக்காமல் தருகிறோம், சற்றுக் கூடுதலாகக் கட்டுங்கள் என்று விற்கத் தலைப்பட்டார்கள். 'பம்பர் டு பம்பர்' என்ற பெயர் அப்படி வந்தது. என் சித்தப்பாவின் எஞ்சினைக் காப்பாற்றியிருக்கக்கூடிய எஞ்சின் பாதுகாப்பு என்ற தனிச் சேர்க்கையும் அந்த வரிசையில் வந்ததே. அவர் அதை வாங்கவில்லை, அப்படி ஒன்று இருப்பதாக அவருக்கு எவரும் சொல்லவுமில்லை.

'பம்பர் டு பம்பர்' என்ற அந்தப் பெயர் ஒரு முறை ஹைகோர்ட்டையே தடுமாற வைத்தது. 2021 ஆகஸ்டில், செப்டம்பர் முதல் விற்கும் புது வண்டிகளுக்கெல்லாம் ஐந்து வருஷத்துக்கு 'பம்பர் டு பம்பர்' இன்ஷூரன்ஸ் கட்டாயம் என்று சென்னை ஹைகோர்ட் உத்தரவிட்டது. வண்டிக்குள் இருப்பவர்களும் நஷ்டஈடு பெற வேண்டும் என்பது உத்தரவின் நல்ல நோக்கம். ஆனால் அந்தப் பெயர் வியாபாரத்தில் குறிப்பது மனிதர்களையன்று, தேய்மானமில்லாத பிளாஸ்டிக்கை. விஷயம் விளங்கியதும் அடுத்த மாதமே உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. நீதிபதியே மயங்கக்கூடிய சொல்லில் நாம் மயங்குவதில் ஆச்சரியமென்ன?

இதற்கு மூன்று வருஷம் முன்பு, கோயமுத்தூர் எலும்பு முறிவு வைத்திய நிபுணர் டாக்டர் ராஜசேகரன், சாலை விபத்துகளைக் குறித்துத் தொடுத்திருந்த பொதுநல வழக்கில், 2018 செப்டம்பர் முதல் விற்கப்படும் புதுக் கார்களுக்கு மூன்று வருஷத்துக்கும், மோட்டார் சைக்கிள்களுக்கு ஐந்து வருஷத்துக்கும் மூன்றாம் தரப்பு இன்ஷூரன்ஸை முதலிலேயே எடுத்துவிட வேண்டுமென்று சுப்ரீம் கோர்ட் கட்டளையிட்டது. புதுப்பிக்காமல் ஓடும் வண்டிகள் பெருகியதைத் தடுக்கும் இந்த ஏற்பாடு மிகவும் நியாயமானது. எனினும் ஒரே தாளில் தைத்திருந்த இரண்டு வாக்குறுதிகளின் ஆயுளும் இதனால் வெவ்வேறாயிற்று: வழிப்போக்கனுக்கான பாகம் மூன்று வருஷம் உயிரோடிருக்க, வண்டிக்கான பாகம் பெரும்பாலும் ஒரு வருஷத்தில் முடிந்துவிடுகிறது. மூன்று வருஷத்துக்குக் கட்டியாகிவிட்டது என்ற நிச்சிந்தையில் இரண்டாம் வருஷம் வண்டியை இடித்துக்கொண்டவர்களை நான் அறிவேன். அப்படி விடுபட்டது 90 நாளைத் தாண்டினால், நஷ்டஈடு கேட்காத வருஷங்களுக்குப் படிப்படியாக ஏறி நூற்றுக்கு 50 வரையில் வரக்கூடிய 'நோ கிளெய்ம் போனஸ்' சலுகையும் போய்விடும்.

புதுப்பிக்கும் காகிதம் உங்களுக்கு அடுத்த முறை வரும்போது, கட்டணத்தைப் பார்ப்பதற்கு முன் தலைப்பைப் பாருங்கள். 'லயபிலிட்டி ஒன்லி' என்று இருந்தால், வீதியில் போகிறவருக்கு அதில் இடமுண்டு. உங்கள் பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு இல்லை.